புதுச்சேரி மாடியில் டெலஸ்கோப் ஏன் சாய்கிறது? 12 டிகிரி சொல்லும் கணக்கு

குருசுக்குப்பத்தில் ஏதாவது ஒரு மொட்டை மாடியில் இருட்டிய பிறகு வடக்கு பார்த்து நில்லுங்கள். கையை முழுசாக நீட்டி, விரல்களை மடக்கி முஷ்டியாக்குங்கள். முஷ்டியின் அடியைத் தொடுவானத்தில் வைத்தால், அதன் மேல் விளிம்பு சுமார் 10 டிகிரி உயரத்தைக் காட்டும். அதற்குச் சற்று மேலே, தெருவிளக்கு வெளிச்சத்தையும் கடல் ஈரத்தையும் தாண்டி ஒரு நட்சத்திரம் தெரிந்தால், அதுதான் துருவ நட்சத்திரம்.

ஓர் ஊரின் அட்சரேகை எவ்வளவோ, ஏறக்குறைய அவ்வளவு உயரத்தில்தான் அந்த ஊரில் துருவ நட்சத்திரம் தெரியும். லண்டனில் 51 டிகிரி. நியூயார்க்கில் 41. புதுச்சேரியில் வெறும் 12.

பொது அறிவுக் கேள்வி மாதிரி இருக்கும் இந்த எண்தான், இங்கே டெலஸ்கோப்பில் கேமராவை மாட்டிப் படம் எடுக்க ஆசைப்படுபவர்களின் பல இரவுகளைத் தின்றுவிடுகிறது. லட்ச ரூபாய் செலவழித்த பிறகும் நட்சத்திரங்கள் புள்ளியாக விழாமல் கோடாக விழுகின்றன. சில நேரம் ட்ரைபாடே வடக்குப் பக்கமாகக் கவிழப் பார்க்கிறது. லென்ஸ் சரியில்லையோ என்று சந்தேகம் வரும். பெரும்பாலும் கோளாறு லென்ஸில் இல்லை. அதைத் தாங்கி நிற்கும் மவுன்ட்டில்.

மவுன்ட் எதற்கு? ட்ரைபாட் போதாதா?

பூமி 23 மணி 56 நிமிடம் 4 விநாடியில் ஒரு முறை தன்னைத்தானே சுற்றுகிறது. அதனால் வானம் விநாடிக்கு 15 ஆர்க்செகண்ட் வேகத்தில் நகர்வது போலத் தெரிகிறது. ஒரு டிகிரியை 3,600 பங்காகப் பிரித்தால், அதில் ஒரு பங்குதான் ஆர்க்செகண்ட்.

ரொம்பச் சின்ன அளவுதானே? கண்ணுக்கு அப்படித்தான். கேமராவுக்கு இல்லை. 400 மி.மீ. குவிய நீளமுள்ள டெலஸ்கோப்பில், 3.76 மைக்ரான் பிக்சல் கொண்ட கேமராவை மாட்டினால், ஒரு பிக்சலில் அடங்கும் வானம் சுமார் 2 ஆர்க்செகண்ட். அப்படியென்றால் ஒரே விநாடியில் நட்சத்திரம் 7, 8 பிக்சல் தள்ளிப் போய்விடும். ரோஸெட் நெபுலா போன்ற மங்கலான பொருளுக்கோ ஒவ்வொரு படத்துக்கும் சில நிமிட எக்ஸ்போஷர் வேண்டியிருக்கும்.

இதற்குத்தான் ஈக்வடோரியல் மவுன்ட். அதில் ஓர் அச்சைப் பூமியின் அச்சுக்கு இணையாகச் சாய்த்து வைத்துவிட்டால், ஒரே ஒரு மோட்டார் சீரான வேகத்தில் சுற்றினால் போதும். டெலஸ்கோப் வானத்தோடு சேர்ந்தே நகரும். அந்த அச்சின் பெயர் ரைட் அசென்ஷன், சுருக்கமாக ஆர்.ஏ. அதற்குக் குறுக்கே இருப்பது டெக்ளினேஷன், சுருக்கமாக டெக். கடைகளில் அதிகம் கிடைக்கும் ஜெர்மன் வகை ஈக்வடோரியலில் ஒரு பக்கம் டெலஸ்கோப், மறுபக்கம் ஒரு கம்பியில் கவுன்டர்வெயிட் எனப்படும் எடைக்கற்கள். பார்க்கத் தராசு மாதிரி இருக்கும். வேலை செய்வதும் தராசு மாதிரிதான்.

12 டிகிரியில் என்ன மாறுகிறது?

யூடியூபில் நாம் பார்க்கும் செய்முறை வீடியோக்களில் பெரும்பாலானவை ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் எடுக்கப்பட்டவை. அங்கே ஆர்.ஏ. அச்சு பாதிக்குப் பாதி நிமிர்ந்து நிற்கும். மேலே உள்ள எடை ட்ரைபாடின் நடுவுக்கு அருகிலேயே இறங்கும்.

புதுச்சேரியில் அதே அச்சு கிட்டத்தட்ட படுத்துவிடுகிறது. இதனால் மூன்று சிக்கல்கள்.

முதலாவது, எடை. டெலஸ்கோப், கேமரா, கவுன்டர்வெயிட் எல்லாமே அச்சின் வடக்கு முனையில் இருக்கின்றன. அச்சு படுக்கும்போது இந்த மொத்தச் சுமையும் ட்ரைபாடின் நடுவைத் தாண்டி வடக்கே தொங்குகிறது. சுவரில் அடித்த அலமாரிப் பலகையின் ஓரத்தில் மிக்ஸியை வைத்த கதை. ஆர்.ஏ., டெக் இரண்டையும் எவ்வளவு துல்லியமாகச் சமன் செய்தாலும் இந்தச் சாய்வு போகாது. ஏனென்றால் இது அச்சைச் சுற்றிய எடை இல்லை, ட்ரைபாட் மேல் விழும் எடை.

இரண்டாவது, இடிப்பது. கவுன்டர்வெயிட் கம்பி ஆர்.ஏ. அச்சுக்குச் செங்குத்தாக இருக்கும். லண்டனில் கம்பி கீழே தொங்கும்போது 51 டிகிரி வடக்கே விலகியிருக்கும். ட்ரைபாட் காலில் படாது. இங்கே விலகல் 12 டிகிரி மட்டும் என்பதால், கம்பி நேராகக் கீழே இறங்கி வடக்குக் காலில் மோதும்.

மூன்றாவது, வரம்பு. மவுன்ட் கையேட்டில் அட்சரேகை வரம்பு என்று ஒரு வரி இருக்கும். வாங்குவதற்கு முன் பெரும்பாலானோர் அதைப் படிப்பதில்லை. சில மாடல்கள் 15 டிகிரிக்குக் கீழே இறங்கவே இறங்காது. 12 டிகிரி ஊரில் அந்த மவுன்ட்டை வைத்துக்கொண்டு வானத்தைப் பின்தொடர முடியாது.

கப்பல் தளத்தில் கற்ற பாடம்

டெலஸ்கோப்பைவிட அது நிற்கும் இடம் முக்கியம் என்பதற்குப் புதுச்சேரியின் சரித்திரத்திலேயே ஒரு சாட்சி உண்டு.

பிரெஞ்சு வானியலாளர் கியோம் லெ ஜென்டில், சூரியனின் முகத்தில் வெள்ளி கிரகம் கடந்து போகும் இடைநகர்வை அளக்கப் புதுச்சேரிக்குக் கப்பல் ஏறினார். பூமிக்கும் சூரியனுக்கும் உள்ள தூரத்தைக் கணக்கிட அந்த அளவீடு தேவைப்பட்டது. 1761 ஜூன் 6 அன்று இடைநகர்வு நடந்தபோது வானம் தெளிவாக இருந்தது. ஆனால் அவர் இருந்தது நடுக்கடலில். பிரிட்டிஷ் படை புதுச்சேரியைப் பிடித்துவிட்டதால் கரையிறங்க வழியில்லை. ஆடும் கப்பல் தளத்தில் டெலஸ்கோப்பையும் ஊசல் கடிகாரத்தையும் நிலையாக வைக்க முடியுமா? வெள்ளியைக் கண்ணால் பார்த்தும், உருப்படியான அளவு எதுவும் கையில் இல்லை.

அடுத்த இடைநகர்வுக்காக எட்டு ஆண்டுகள் காத்திருந்தார். புதுச்சேரி பிரெஞ்சுக்காரர்களிடம் திரும்பிய பிறகு, 1768 மார்ச்சில் வந்து இறங்கினார். இடிந்துபோன கோட்டையின் மிச்சத்தில், அசையாத தரையில், ஆய்வுக்கூடம் அமைத்தார். இந்த முறை எல்லாம் தயார். 1769 ஜூன் 4 காலை, சரியான நேரத்தில் மேகம் வந்து மறைத்துவிட்டது!

மேகம் நம் கையில் இல்லை. தரை நம் கையில் இருக்கிறது. சென்னையில் அதைச் செய்து காட்டினார்கள். 1792இல் நுங்கம்பாக்கத்தில் மெட்ராஸ் வானாய்வகம் கட்டியபோது, கருவியைத் தாங்க 15 அடி உயரத்தில், சுமார் 10 டன் எடையில் ஒரே கருங்கல் தூணை நிறுத்தினார்கள். அதன் மேல் வைத்த டெலஸ்கோப் சிறியதுதான். தமிழ் உட்படப் பல மொழிகளில் கல்வெட்டு பொறித்த அந்தத் தூண், இன்றும் நுங்கம்பாக்கம் வானிலை மைய வளாகத்தில் நிற்கிறது. சின்னக் கருவிக்கு அவ்வளவு பெரிய கல் எதற்கு என்று கேட்டால், ஒரு முறையாவது மாடியில் டெலஸ்கோப் வைத்துப் பார்த்தவர்களுக்கு உடனே புரியும்.

காவலூர் காட்டிய வழி

படுத்துக்கிடக்கும் அச்சு என்ற சிக்கலுக்குத் தமிழ்நாட்டிலேயே ஒரு பிரம்மாண்டமான விடை இருக்கிறது. ஜவ்வாது மலையில் காவலூர் சுமார் 12.5 டிகிரி அட்சரேகையில் இருக்கிறது. கிட்டத்தட்ட புதுச்சேரிக்கு நேர். அங்கே இந்திய வானியற்பியல் நிறுவனத்தின் 2.34 மீட்டர் வைணு பாப்பு டெலஸ்கோப், 1986 ஜனவரி முதல் அந்தப் பெயரோடு இயங்குகிறது.

அதுவும் ஈக்வடோரியல் மவுன்ட்தான். ஆனால் ஜெர்மன் வகை இல்லை. வடக்கு முனையில் குதிரை லாடம் வடிவத்தில் ஒரு பெரிய தாங்கி, தெற்கு முனையில் இன்னொரு தாங்கி, நடுவில் டெலஸ்கோப். கிணற்று ராட்டினத்தை நினைத்துக்கொள்ளுங்கள். அச்சின் இரண்டு முனையையும் பிடித்துக்கொண்டால், நடுவில் தொங்கும் வாளி எவ்வளவு கனமாக இருந்தாலும் ஒரு பக்கமாகச் சாயாது. குறைந்த அட்சரேகைக்குப் பொருத்தமான அமைப்பு இது. லாடத்தின் திறந்த வாய் வழியாக வட துருவப் பக்கமும் தடையில்லாமல் பார்க்கலாம்.

குதிரை லாட மவுன்ட்டை வீட்டு மாடியில் வைக்க முடியாது. ஆனால் அதில் இருக்கும் பாடத்தை எடுத்துக்கொள்ளலாம்: சுமை தொங்கும் பக்கத்துக்குத் தாங்கல் கொடு.

ட்ரைபாடில் அதை எப்படிச் செய்வது? ஒரு காலை நேர் வடக்கே வைத்தால் கவிழும் ஆபத்து குறைவு. ஆனால் கவுன்டர்வெயிட் இடிக்கும். ட்ரைபாடைத் திருப்பி, இரண்டு கால்களை வடகிழக்கிலும் வடமேற்கிலும் வைத்தால் கம்பிக்கு இடம் கிடைக்கும். ஆனால் வடக்கே கவிழாமல் தாங்கும் தூரம் பாதியாகக் குறையும். இதற்கு இரண்டு தீர்வுகள். வடக்கே ஒரு காலை வைத்து, மவுன்ட்டுக்குக் கீழே பியர் எக்ஸ்டென்ஷன் எனப்படும் சின்னத் தூணைப் பொருத்தி உயர்த்தலாம். அல்லது இரண்டு கால்களை வடக்கே வைத்து, தெற்குக் காலில் மணல் மூட்டையைக் கட்டலாம். இரண்டிலுமே கால்களை முழுசாக விரித்து, உயரத்தை முடிந்தவரை குறைத்து வையுங்கள்.

பேலன்ஸ் செய்வது எப்படி?

தரை சரியான பிறகு தராசு வேலை. வரிசை முக்கியம்.

1. உயரக் கோணத்தை முதலில் சரி செய்யுங்கள். மவுன்ட்டை 12 டிகிரிக்குச் சாய்க்கும் போல்ட்டை, டெலஸ்கோப்பை ஏற்றுவதற்கு முன்பே திருகிவிடுங்கள். முழுச் சுமையும் வடக்கே தொங்கும்போது திருகினால் போல்ட் வளையலாம், மரை கெடலாம். பிறகு செய்வது நுண்ணிய திருத்தமாக மட்டும் இருக்கட்டும்.

2. எடைக்கல் முதலில், டெலஸ்கோப் பிறகு. கழற்றும்போது தலைகீழ்: டெலஸ்கோப் முதலில், எடைக்கல் கடைசியில். இந்த வரிசை மாறினால் டெலஸ்கோப் பக்கம் சடாரென்று கீழே சுழலும். விலை உயர்ந்த கருவிகள் உடைவது பெரும்பாலும் இந்த ஒரு நொடியில்தான்.

3. எல்லாவற்றையும் மாட்டிய பிறகே சமன் செய்யுங்கள். கேமரா, ஃபில்டர், கைடு கேமரா, பனித்துளி படியாமல் காக்கும் ஹீட்டர் பட்டை, கேபிள்கள், எல்லாமே இடத்தில் இருக்க வேண்டும். ஃபோகஸும் முடிந்திருக்க வேண்டும்; ஃபோகஸர் வெளியே நீண்டால் கேமராவின் எடையும் தள்ளிப் போகும். லென்ஸ் மூடியைக் கழற்றியாச்சா என்று பாருங்கள். அதுவும் எடைதான்.

4. ஆர்.ஏ. அச்சு. கவுன்டர்வெயிட் கம்பியைத் தரைக்கு இணையாகக் கொண்டுவந்து, டெலஸ்கோப்பை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, ஆர்.ஏ. கிளட்ச்சை மெதுவாகத் தளர்த்துங்கள். எந்தப் பக்கம் இறங்குகிறதோ, அதற்கு ஏற்ப எடைக்கல்லை நகர்த்துங்கள். கணக்கு எளிது: எடை பெருக்கல் தூரம். 6 கிலோ சுமையின் மையம் அச்சிலிருந்து 20 செ.மீ. தள்ளி இருந்தால் 120. மறுபக்கம் 5 கிலோ கல் 24 செ.மீ. தள்ளி இருந்தால் அதுவும் 120. 8 கிலோ கல் என்றால் 15 செ.மீ. போதும். இரண்டாவது வழிதான் நல்லது. கனமான கல் அச்சுக்கு அருகே இருந்தால் காற்றடித்தாலும் ஆட்டம் சீக்கிரம் அடங்கும்.

5. டெக் அச்சு. கம்பி தரைக்கு இணையாக இருக்கும் அதே நிலையில் ஆர்.ஏ.யைப் பூட்டிவிட்டு, டெக் கிளட்ச்சைத் தளர்த்துங்கள். டெலஸ்கோப்பின் முன்பக்கமோ கேமரா பக்கமோ இறங்கினால், குழாயை அதன் பிடிப்பில் முன்னும் பின்னும் நகர்த்துங்கள். பிறகு குழாயை வானம் பார்த்து நிமிர்த்தியும் ஒரு முறை விட்டுப் பாருங்கள். படுத்தபோது நின்றது, நிமிர்த்தினால் சாய்கிறதா? மேலே மாட்டிய கைடு கேமராவின் எடைதான் காரணம். அதை இடம் மாற்றுங்கள்.

6. கடைசியாக, கொஞ்சம் கெடுத்து வையுங்கள். ஆமாம், வேண்டுமென்றேதான்! பல் சக்கர மவுன்ட்களில் பற்களுக்கு இடையே மயிரிழை இடைவெளி இருக்கும். நூறு சதவீதம் சமனாக இருந்தால், சக்கரம் அந்த இடைவெளியில் முன்னும் பின்னும் தத்தளிக்கும். கிழக்குப் பக்கம் மிகச் சிறிதளவு கனமாக விட்டால், மோட்டார் எப்போதும் ஒரே பக்கமாகத் தள்ளிக்கொண்டே இருக்கும். பற்கள் ஒட்டியே நிற்கும். பெல்ட்டில் இயங்கும் மவுன்ட்களில் இதன் தேவை குறைவு.

கைடு கேமராவும் மென்பொருளும் இருந்தால் இதெல்லாம் தேவையில்லையே என்று தோன்றலாம். தானாகத் திருத்தும் ஆட்டோகைடிங், சிறு பிசகுகளைத்தான் சரிசெய்யும். மோட்டார் திணறும் அளவுக்குச் சுமை ஒரு பக்கம் சாய்ந்திருந்தால், எந்த மென்பொருளும் காப்பாற்றாது. மவுன்ட் தாங்கும் எடை 10 கிலோ என்று பெட்டியில் போட்டிருந்தால், படம் எடுக்க அதில் பாதியோடு நிறுத்திக்கொள்வது பழக்கப்பட்டவர்களின் கணக்கு.

துருவ நட்சத்திரம் தெரியவில்லையே?

குருசுக்குப்பம் மாதிரி வீடுகள் நெருக்கமாக உள்ள பகுதியில் இது தினசரிப் பிரச்சினை. 10 மீட்டர் தள்ளி இருக்கும் பக்கத்து வீடோ, தண்ணீர் டேங்க்கோ, உங்கள் கண்மட்டத்தைவிட 2 மீட்டர் சொச்சம் உயர்ந்திருந்தாலே போதும். 12 டிகிரியில் இருக்கும் நட்சத்திரம் அதன் பின்னால் மறைந்துவிடும். மறைக்கவில்லை என்றாலும், தலைக்கு மேல் பார்ப்பதைவிட நாலரை மடங்கு காற்றை ஊடுருவி அது தெரிய வேண்டும்.

திசைகாட்டி வைத்து உத்தேசமாக வடக்கு பார்த்து வைத்தால் போதுமா? போதாது. அச்சு 1 டிகிரி விலகியிருந்தால்கூட, நட்சத்திரம் நிமிடத்துக்கு 15 ஆர்க்செகண்ட் வரை நகரலாம். நம் எடுத்துக்காட்டுக் கேமராவில் அது 7, 8 பிக்சல். துருவ நட்சத்திரமே உண்மையான துருவத்திலிருந்து அரை டிகிரிக்கும் சற்று அதிகமாக விலகித்தான் இருக்கிறது என்பதையும் மறக்க வேண்டாம்.

இப்போது மென்பொருள் வழி இருக்கிறது. கேமரா வானத்தில் ஏதாவது ஒரு பகுதியை எடுக்கும், ஆர்.ஏ. அச்சைச் சுழற்றி மேலும் இரண்டு படங்கள். நட்சத்திரங்களின் இடத்தை வைத்து, அச்சு எங்கே பார்க்கிறது, எவ்வளவு திருக வேண்டும் என்று மென்பொருளே சொல்லிவிடும். நினா என்ற இலவச மென்பொருளில் இதற்குத் தனி பிளக்இன் உண்டு. துருவ நட்சத்திரம் தெரியவே வேண்டியதில்லை.

கணினி இல்லையென்றால் பழைய டிரிஃப்ட் முறை. தெற்கே உச்சிக்கு அருகில் ஒரு நட்சத்திரத்தைப் பிடித்து, அது வடக்கே தெற்கே நகர்கிறதா என்று பார்த்து மவுன்ட்டை இடம் வலமாகத் திருப்ப வேண்டும். பிறகு கிழக்கே தாழ்வாக ஒரு நட்சத்திரத்தைப் பிடித்து உயரக் கோணத்தைத் திருத்த வேண்டும். இந்த இரண்டாவது படிக்குக் குருசுக்குப்பத்தைவிட வசதியான இடம் கிடைப்பது கஷ்டம். கிழக்கே வங்காள விரிகுடா; மறைக்க ஒரு கட்டடமும் இல்லை.

மாடியா, கடற்கரையா?

இருட்டும் திறந்த வானமும் கடற்கரைக்கு இழுக்கும். ஆனால் மணலில் ட்ரைபாட் கால் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும். காலையில் சரிபார்த்த மாதிரி இல்லை, ஒரு மணி நேரத்திலேயே அச்சு விலகிவிடும். உப்புக்காற்று போல்ட்டையும் பல் சக்கரத்தையும் அரிக்கும். அவசியம் போகத்தான் வேண்டும் என்றால், ஒவ்வொரு காலின் அடியிலும் ஒரு பலகையோ டைல்ஸ் துண்டோ வையுங்கள்.

மாடிக்கும் குறை உண்டு. தளத்தின் நடுப்பகுதிதான் அதிகம் அதிரும். தூணோ பீமோ வரும் இடத்துக்கு மேல் ட்ரைபாடை வைத்து, காலடியில் தடித்த ரப்பர் துண்டு போடுங்கள். எக்ஸ்போஷர் ஓடும்போது பக்கத்தில் நடக்க வேண்டாம். கைப்பிடிச் சுவரின் மறைவில் வைத்தால் கடல் காற்றின் தள்ளலும் குறையும். வேலை முடிந்ததும் துணியால் துடைத்து, சிலிகா ஜெல் பொட்டலத்தோடு பெட்டியில் வையுங்கள்.

கவுன்டர்வெயிட்டே இல்லாத மவுன்ட் வாங்கினால்?

ஸ்ட்ரெயின் வேவ் என்ற புதிய வகை மவுன்ட்களுக்குக் குறிப்பிட்ட எடை வரை எடைக்கல் தேவையில்லை. தூக்கிச் செல்ல எளிது, கம்பி இடிக்கும் தொல்லையும் இல்லை. ஆனால் சுமை அதே வடக்கில்தான் தொங்கும். மவுன்ட் லேசாக இருப்பதால் கவிழும் ஆபத்து இன்னும் அதிகம். தெற்குக் காலில் மணல் மூட்டை இதற்கும் பொருந்தும்.

செல்போன் செயலியில் இயங்கும் சிறிய ஸ்மார்ட் டெலஸ்கோப்களுக்குப் பேலன்ஸ் வேலையே இல்லை. மேல் கீழ், இடம் வலம் என நகரும் முறையில் வைத்தால் வானம் படத்துக்குள் சுழல்வது போலத் தெரியும் என்பதால், அவை குறைந்த விநாடிப் படங்களை எடுத்து அடுக்குகின்றன. இந்தப் பொழுதுபோக்கு நமக்குச் சரிவருமா என்று பார்க்க அது போதும்.

12 டிகிரியின் பரிசு

இவ்வளவு தொல்லை தரும் அட்சரேகை, லண்டன்காரர்களுக்குக் கிடைக்காத ஒன்றைத் தருகிறது: தெற்கு வானம். ஒமேகா சென்டாரி நட்சத்திரக் கொத்து லண்டனில் உதிப்பதே இல்லை. புதுச்சேரியில் அது 30 டிகிரி உயரம் வரை ஏறும். கரீனா நெபுலா சுமார் 18 டிகிரி வரை வரும். ஆல்ஃபா சென்டாரி ஒற்றை நட்சத்திரம் இல்லை, இரட்டை என்பதை 1689 டிசம்பரில் ஜான் ரிஷோ என்ற இயேசு சபைப் பாதிரியார் கண்டதும் இதே புதுச்சேரியிலிருந்துதான். ஒரு வால் நட்சத்திரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோது.

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, ஜனவரியில் வானம் தெளியத் தொடங்கும். ஓரியன் நெபுலா அப்போது இரவில் கிட்டத்தட்ட தலைக்கு மேல் வரும். குழாய் நிமிரும்போது கேமரா ட்ரைபாட் காலில் இடிக்கிறதா என்று பகலிலேயே ஒரு முறை கையால் சுழற்றிப் பாருங்கள். பொருள் உச்சியைக் கடந்ததும் டெலஸ்கோப்பை மறுபக்கத்துக்கு மாற்றும் மெரிடியன் ஃப்ளிப்பையும் அப்போதே ஒத்திகை பார்த்துவிடலாம்.

இரவில் முதல் வேலையாக ஒரு நிமிடப் படம் ஒன்று எடுத்து, செல்போனில் இரண்டு விரலால் பெரிதாக்கி, நான்கு மூலைகளிலும் உள்ள நட்சத்திரங்களைப் பாருங்கள். எல்லாம் வட்டமாக இருந்தால், எக்ஸ்போஷரை இரண்டு நிமிடமாக ஏற்றலாம். நீண்டிருந்தால், புது லென்ஸுக்கு விலை கேட்பதற்கு முன் எடைக்கல்லையும் தெற்குக் கால் மூட்டையையும் இன்னொரு முறை சரிபாருங்கள்.